கழுவுவது அடுத்த மேஜை வேலை

அந்த வீட்டில் ஒரு ரகசியம் இருந்தது. வீட்டில் இருந்த நாலு பேரில் மூன்று பேருக்கு அது தெரியும். தெரியாத நாலாவது ஆளைப் பற்றித்தான் அந்த ரகசியமே.

அவரை எல்லோரும் பல்செட்டுக்காரர் என்பார்கள். முப்பத்தேழு வருஷம் பல் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் உட்கார்ந்து, பல் போனவர்களுக்கெல்லாம் பல் செய்து கொடுத்தவர். அச்சில் வார்த்து வரும் பல்லை அரத்தால் தேய்த்து, மேல்வரிசை கீழ்வரிசையை இடிக்காமல் உட்காரவைப்பது அவர் வேலை. அவர் தேய்த்த பல்லைப் போட்டுக்கொண்டு கல்யாண போட்டோவுக்குச் சிரித்தவர்களும் உண்டு, சம்பந்தியோடு சண்டை போட்டவர்களும் உண்டு.

வேலை ஓய்ந்து, மனைவியோடு மகள் வீட்டுக்கு வந்த பிறகு கை சும்மா இருக்க மறுத்தது. முதல் மாதம் எல்லாக் கதவுக் கீலுக்கும் எண்ணெய் போட்டார். இரண்டாவது மாதம் சமையல்கட்டுக் கத்திகளைத் தீட்டினார். மகள் இரண்டு தடவை விரலை வெட்டிக்கொண்ட பிறகு அவளே அவற்றை எடுத்து ஒளித்து வைத்தாள். மூன்றாவது மாதம் மாப்பிள்ளையின் சங்கிலிகள் கண்ணில் பட்டன.

மாப்பிள்ளை மரம் வெட்டுகிறவர். காற்றில் சாய்ந்த மரம், கரண்டுக் கம்பியில் உரசும் கிளை என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஒரு சின்ன லாரியில் ஆட்களோடு போவார். மெஷின் ரம்பம்தான் அவருடைய ஆயுதம். அதில் வாள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பட்டையைச் சுற்றி ஒரு சங்கிலி ஓடும். அந்தச் சங்கிலியில்தான் பற்கள். பல் கூர்மையாக இருந்தால் மரம் சீவல் சீவலாக வரும். மழுங்கிவிட்டால் மெஷின் ஊரைக் கூட்டுமே தவிர, மரத்திலிருந்து மாவுதான் கொட்டும்.

"இதுக்கும் பல்லுதானா!" என்று பல்செட்டுக்காரர் ஒரு சங்கிலியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "குடுங்க மாப்பிள்ளை. பல்லுன்னா அது நம்ம டிபார்ட்மென்ட்."

மாப்பிள்ளையால் மறுக்க முடியவில்லை. மாமனார் வாயைத் திறந்து கேட்ட முதல் விஷயம் அது.

முதல் நாள் அழுக்கோடு தேய்த்துப் பார்த்தார். மரத்தின் பிசினும் எண்ணெயும் தூளும் சேர்ந்து அப்பிக்கொண்டு அரமே வழவழத்துப் போயிற்று. மறுநாளே புரிந்துகொண்டார். பின்வாசலில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி, சங்கிலியை அரை மணி ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பார். கறுப்புப் பிசின் கரைந்து இரும்பு தெரியும். துடைத்து, மேஜை ஓரத்தில் இரும்புப் பிடியில் இறுக்கி, தொடங்குகிற பல்லில் சிவப்பு நூல் ஒன்று கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று இழுப்பு. ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். சுற்றி வந்து சிவப்பு நூலைத் தொட்டால் முடிந்தது. பிறகு சங்கிலியை நூலோடு அதே தொட்டியில் ஒரு முக்கு முக்கி, உதறி, பைக்குள் போட்டுவிடுவார். வேலை செய்யும்போது சீட்டியடிப்பார். அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவு மோசமாக அடிப்பார்.

"என் பல்ல என்னிக்காவது இப்படிக் குனிஞ்சு பாத்திருக்கீங்களா?" என்பாள் மனைவி.

"உன் பல்லு யாரத் தேய்க்கணுமோ அவனத்தான் தேய்க்குது. அதுக்கு எதுக்கு அரம்?"

சாயங்காலம் லாரிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வந்து நிற்பார். "எப்படி இருந்துச்சு மாப்பிள்ளை?"

"வாழைத்தண்டுல இறங்கின மாதிரி இறங்குச்சு மாமா."

அன்றைக்கு ராத்திரி அவர் நன்றாகத் தூங்குவார். இப்படியே ஆறு வாரம் போயிற்று.

ஒருநாள் அரம் தேய்ந்து வழுக்க ஆரம்பித்தது. வேண்டியதை மாப்பிள்ளைதான் வாங்கி வருவார். அன்று அவர் வெளியூர் வேலைக்குப் போயிருந்தார். சரி, நமக்கும் கால் இருக்கிறதே என்று பல்செட்டுக்காரரே மெயின் ரோட்டு ரிப்பேர் கடைக்கு நடந்தார்.

கடையை நடத்துகிறவளை ஸ்பேனர் அக்கா என்பார்கள். மற்றவர்கள் காதில் பேனா செருகுவார்கள், அவள் கொண்டையில் ஒரு சின்ன ஸ்பேனர் செருகியிருப்பாள். கை ஒரு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே வாய் நாலு பேருக்குப் பதில் சொல்லும்.

"வாங்கய்யா. என்ன வேணும்?"

"உருண்டை அரம்மா. இதே அளவு."

அவள் பழைய அரத்தை வாங்கிப் பார்த்தாள். "அட, நாலு பக்கமும் ஒரே சீரா தேஞ்சிருக்கே. கைய மாத்தாம இழுக்கிற ஆளு போல."

அவருக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்தது. என்ன பதில் சொல்லலாம் என்று அடக்கமாக ஒரு வாக்கியம் தேடிக்கொண்டே நிமிர்ந்தவர், சுவரைப் பார்த்தார். ஆணியில் மூன்று சங்கிலிகள் தொங்கின. மூன்றிலும் சிவப்பு நூல்.

"அது... யாரோட சங்கிலிம்மா?"

"அதுவா? அது ஒரு பெரிய கதைங்கய்யா. மரம் வெட்டுற தம்பி ஒருத்தர். அவரோட மாமனாருக்கு வீட்டுல பொழுது போகல. சங்கிலியத் தேய்ச்சுக் குடுக்கிறாராம். இந்தத் தம்பி காலையில அத இங்க குடுத்துட்டு, நேத்து குடுத்தத வாங்கிட்டுப் போவாரு. 'அக்கா, எங்க வீட்டுப் பக்கம் வந்தா வாயத் தொறந்துடாதீங்க'ன்னு என்கிட்ட சத்தியம் வேற வாங்கிட்டாரு."

"இப்ப தொறந்துட்டீங்களே."

"இது என் கடையாச்சே! அவங்க வீட்டுப் பக்கமா போனேன்?"

பல்செட்டுக்காரர் சிரிக்க முயன்றார். முகம் ஒத்துழைக்கவில்லை. ஆறு வாரத்து வாழைத்தண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நெஞ்சில் வந்து விழுந்தது. பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அவ்வளவு மோசமாவா தேய்ச்சிருக்காரு அந்த மனுஷன்?"

"மோசமா? யாரு சொன்னா?" அக்கா ஒரு சங்கிலியை இறக்கினாள். "இந்தப் பல்லப் பாருங்க. இடது பக்கமும் வலது பக்கமும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்ல. நான் இதுல அரமே வைக்கிறதில்லங்க. வச்சா கெட்டுப்போகும்."

"அப்புறம் எதுக்கு இங்க வருது?"

"குளிக்க!"

அவள் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து சங்கிலியை அதற்குள் வைத்து இழுத்தாள். துணியில் சாம்பல் நிறத்தில் களிம்பு மாதிரி ஒரு கோடு விழுந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார். நறநறத்தது.

"அரப்பொடிங்கய்யா. தேய்க்கும்போது விழுற இரும்புத்தூள். பிசின் கழுவின அதே மண்ணெண்ணெயில இவரு திரும்பவும் முக்குறாரு. கரைஞ்ச பிசினும் இரும்புத்தூளும் சேந்து கண்ணிக்குள்ள போயி குந்திக்குது. இங்க பாருங்க." சங்கிலியைச் சுண்டுவிரல்மேல் தொங்கவிட்டாள். மற்ற கண்ணிகள் துவண்டு விழ, இரண்டு கண்ணி மட்டும் முழங்கால் வலிக்காரர் மாதிரி மடங்காமல் நின்றது. "இத மாட்டி ஓட்டினா கால்மணி நேரத்துல சூடாகி, பொகைஞ்சு, தொளதொளன்னு ஆயிடும். பட்டையோட பள்ளத்தையும் அரிச்சுடும். மொத வாரத்துலயே சங்கிலி கழண்டு வந்து தம்பி கையுறையக் கிழிச்சிடுச்சாம். நல்லவேளை, தோலு தப்பிச்சுது."

அந்தக் கையுறையை அவர் பார்த்திருந்தார். முள்ளு கிழிச்சிடுச்சு மாமா என்று மாப்பிள்ளை சொன்னார். மகள் அதைத் தைத்துக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தாமல்.

பல்செட்டுக்காரர் தொங்கிய சங்கிலியை அவள் விரலிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்தார். கெட்ட பெயர் வந்ததற்காக இல்லை. அந்தக் கையுறைக்குள் இருந்த கையை நினைத்து.

எப்படி இந்தத் தப்பு நடந்தது? யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. பல் ஆஸ்பத்திரியில் அவர் மேஜையில் தேய்ப்பு மட்டும்தான். தேய்த்த பல்லை இடது பக்கம் நகர்த்தி வைப்பார். அடுத்த மேஜையில் ஒரு அம்மாள் அதைக் கழுவி, ஊதி, மறுபடி கழுவி, வெந்நீரில் போட்டு எடுப்பாள். அந்த அம்மாளோடு முப்பது வருஷம் பிள்ளைகுட்டி சமாசாரமெல்லாம் பேசியிருக்கிறார். அவள் கை என்ன செய்தது என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. கழுவுவது அடுத்த மேஜை வேலை. இங்கே அடுத்த மேஜை இல்லை என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

"அந்த மாமனார் நான்தாம்மா," என்றார்.

ஸ்பேனர் அக்காவின் வாய் அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தானே மூடிக்கொண்டது. "ஐயையோ," என்றாள் பிறகு. "நான் ஒரு ஓட்டவாய். ஐயா, மனசுல வச்சுக்காதீங்க. டீ சொல்லட்டுமா?"

"டீ கெடக்கட்டும். நீ எப்படிக் கழுவுறேன்னு காட்டு. முழுசா காட்டு, எதையும் விட்டுடாத."

அவள் காட்டினாள். அழுக்கெடுக்க ஒரு தொட்டி, தேய்த்த பிறகு அலச வேறொரு தொட்டி. இரண்டாவதில் மண்ணெண்ணெய் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. அதில் வைத்து ஒவ்வொரு கண்ணியாக மடக்கி, நிமிர்த்தி, மூட்டுக்குள் இருப்பது வெளியே வரும்வரை பிரஷ் போட்டாள். காற்றுக் குழாயால் ஊதினாள். வெள்ளைத் துணியில் இழுத்துக் கறை விழாததைக் காட்டினாள். "இதோட விட்டீங்கன்னா காஞ்சு துருப்பிடிச்சிடும். மண்ணெண்ணெய் மூட்டுல இருந்த எண்ணெயையும் சேத்துத்தானே கழுவிட்டுப் போயிருக்கு? அதனால இப்ப எண்ணெய்க் குளியல். நல்லாக் குடிக்கட்டும். அப்புறம் தொங்கவிட்டு வடியவிடுங்க."

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

எதைக் கேட்கிறார் என்று அவள் கேட்கவில்லை. கையில் இருந்த துண்டை மடித்து முடித்து வைத்தாள். "தெரியும்."

"அவளுக்கு?"

"அவதான் கையுறை தைச்சாளே."

"மூணு பேரும் சேந்து என்னைக் கோமாளியா ஆக்கியிருக்கீங்க. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம்னுதான் நானும் சொன்னேன். மாப்பிள்ளைதான் வேணாம்னுட்டாரு. 'மாமா இங்க வந்து இப்பதான் சீட்டியடிக்கிறாரு அத்தை, அத நிறுத்திடாதீங்க'ன்னு சொல்லிட்டாரு. நான் என்னத்தச் சொல்ல? அந்தச் சீட்டிய நிறுத்தச் சொல்லி முப்பது வருஷமா நான் வேண்டாத தெய்வமில்ல."

அவருக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டும் சேர்ந்து இருமலாகத்தான் வெளியே வந்தது. மருமகன் நல்ல பிள்ளை. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நல்ல பிள்ளை தன்னைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறதே, அதுதான் வலித்தது. கூட வேலை செய்கிறவனிடம் யாராவது இப்படிப் பொய் சொல்வார்களா?

மீதிப் பொழுது முழுக்கப் பின்வாசலிலேயே இருந்தார். பழைய தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது அடியில் ஒரு விரற்கடை மண்டி. கொட்டிக் கழுவினார். இரண்டு தொட்டி வைத்தார். ஒரு சங்கிலியை எடுத்து ஊறவைத்து, தேய்த்து, கூராக்கி, மறு தொட்டியில் அலசினார். காற்றுக் குழாய்க்குப் பதிலாக மகளின் தலைமுடி உலர்த்தும் மெஷினைத் தூக்கி வந்தார். வெள்ளைத் துணி கிடைக்கவில்லை. தன் வேட்டி ஓரத்திலேயே இழுத்துப் பார்த்தார். மூன்றாவது அலசலில்தான் கறை விழுவது நின்றது. எண்ணெயில் போட்டு எடுத்துத் தொங்கவிட்டார். அன்று சீட்டி இல்லை.

மாப்பிள்ளை வந்து, கை கழுவி, சாப்பிட உட்கார்ந்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே பல்செட்டுக்காரர் சொன்னார்: "நான் ஸ்பேனர் அக்கா கடைக்குப் போயிருந்தேன் மாப்பிள்ளை."

மாப்பிள்ளையின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. மகள் சொம்பை எடுக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போனாள். தண்ணீர் சொம்பு தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"மாமா, அது வந்து..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். தப்பு என்னோடது. உங்க கை போயிருந்தா எம்பொண்ணு முகத்துல நான் முழிச்சிருக்க முடியாது. இன்னிக்கு ஒரு சங்கிலி ஒழுங்கா கழுவி வச்சிருக்கேன். நாளைக்கு அத மாட்டிப் பாருங்க. நல்லாருந்தா நல்லாருக்குன்னு சொல்லுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. வாழைத்தண்டு மட்டும் வேணாம்."

மாப்பிள்ளை பிசைந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். "நாளைக்கு மாட்ட முடியாது மாமா."

அப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை.

"பள்ளிக்கூடச் சுவர் மேல ஒரு மரம் சாஞ்சு கெடக்கு. கயிறு கட்டி, ஏறி நின்னு அறுக்கணும். அங்க சோதனையெல்லாம் பண்ண மாட்டேன். அக்கா கழுவின ரெண்டு சங்கிலி போதும். உங்களோடத பையில போட்டுக்கறேன். ஆனா மாட்ட மாட்டேன்."

சுருக்கென்றது. ஆனால் அந்தச் சுருக்கில் ஒரு சுத்தம் இருந்தது. ஆறு வாரத்தில் மாப்பிள்ளை சொன்ன முதல் உண்மை.

"நியாயம்தான்," என்றார். "நான் வந்து பாக்கலாமா?"

"வாங்க. கயிறு போற பக்கம் மட்டும் நிக்காதீங்க."

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். பெரிய மரம், வேரோடு பாதி பிடுங்கிக்கொண்டு, வகுப்பறைச் சுவர்மேல் முதுகைச் சாய்த்துக் கிடந்தது. மாப்பிள்ளையின் ஆட்களில் கொக்கி என்று ஒருவன். கயிறு போட்டுப் பிடிப்பதில் சூரன். கிளைக்குக் கயிறு கட்டி அவன் கீழே நிற்க, மாப்பிள்ளை மேலே ஏறி அறுக்க ஆரம்பித்தார். சீவல் பொலபொலவென்று உதிர்ந்தது. பல்செட்டுக்காரர் மதில் ஓரமாக, சொன்ன இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பெருங்கிளையில் பாதி தூரம் போனதும் கிறீச்சென்று ஒரு சத்தம். தீப்பொறி பறந்தது. எந்தக் காலத்திலோ யாரோ பலகை மாட்ட அடித்த ஆணியை மரம் விழுங்கி வைத்திருந்தது. சங்கிலியில் எட்டுப் பல் மழுங்கிப் போயிற்று. இறங்கி வந்து இரண்டாவதை மாட்டி, ஒரு சாண் தள்ளி அறுத்தார். அங்கேயும் இன்னொரு ஆணி.

"பலகை மாட்டினானா, இல்ல மரத்துக்கே லாடம் அடிச்சானா?" என்று கொக்கி கயிற்றைப் பிடித்தபடி கத்தினான்.

மாப்பிள்ளை இறங்கி வந்தார். முகம் வியர்த்திருந்தது. பாதி அறுபட்ட கிளை சுவருக்கு மேலே தொங்கியது. காற்று எழும்பிக்கொண்டிருந்தது. மற்ற சங்கிலிகளெல்லாம் அக்கா கடையில். போய்வர ஒரு மணி நேரம் ஆகும். கயிறு அதுவரை தாங்குமா என்று கொக்கியைப் பார்த்தார். கொக்கி உதட்டைப் பிதுக்கினான்.

பல்செட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மாப்பிள்ளை மரியாதைக்காக மாட்டிவிடுவாரோ என்று பயம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

மாப்பிள்ளை பையிலிருந்து அந்தச் சங்கிலியை எடுத்தார். லாரியின் பின்பலகையில் நீளமாகப் போட்டு, கண்ணி கண்ணியாக மடக்கிப் பார்த்தார். தன் வெள்ளைப் பனியனைத் தூக்கி அதில் இழுத்தார். எண்ணெய்க் கறை மட்டும். விரலால் தடவிப் பார்த்தார், நறநறக்கவில்லை. மாமனாரை ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பட்டையின் பள்ளத்தைத் துடைத்து, சங்கிலியை மாட்டி, இறுக்கி, முதலில் கீழே கிடந்த ஒரு கட்டையில் அறுத்தார். நிறுத்தினார். தொட்டார். இன்னொரு தரம் அறுத்தார். பிறகுதான் ஏறினார்.

ஆணி இருந்த இடத்தை விட்டு நன்றாகத் தள்ளி, கீழ்ப்பக்கம் ஒரு வெட்டு, மேலிருந்து ஒரு வெட்டு. மெஷின் இரைச்சலில் பல்செட்டுக்காரருக்குத் தன் மூச்சே கேட்கவில்லை. புகை வருகிறதா என்று மட்டும் பார்த்தார். வரவில்லை. கிளை முறிந்து கயிற்றில் ஆடியது. கொக்கி அதைப் பிள்ளையைத் தூளியிலிருந்து இறக்குவது மாதிரி மெதுவாகத் தரைக்குக் கொண்டுவந்தான். கூரையில் ஒரு ஓடு நகரவில்லை.

மாப்பிள்ளை இறங்கி, மெஷின் ஆறியதும் கையுறையைக் கழற்றிச் சங்கிலியை இழுத்துப் பார்த்தார்.

"மாமா, உள்ளத உள்ளபடி சொல்லட்டுமா?"

"அதுக்குத்தானே வெயில்ல நிக்கிறேன்."

"பல்லு அருமை. சூடும் ஏறல. ஆனா மூணு கண்ணி இன்னும் வெறைப்பா இருக்கு. அவசரத்துல எண்ணெயில கம்மி நேரம் போட்டிருக்கீங்க."

"எந்த மூணு?"

"இந்தா, இது. அப்புறம் இது. அது கூடக் கொஞ்சம்."

இரண்டு தலையும் சங்கிலிக்கு மேலே முட்டிக்கொண்டன. "இது வெறைப்பா? இத வெறைப்புன்னா சொல்றீங்க?" "பின்ன என்னன்னு சொல்றது? தொட்டுப் பாருங்க." "ஆமா, கொஞ்சம் பிடிக்குது." "கொஞ்சமா!" கொக்கி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "மாமா, இனிமே நீங்களும் எங்க கூட்டம். எங்களயும் இவரு இப்படித்தான் நொட்டை சொல்லுவாரு," என்றான்.

பல்செட்டுக்காரருக்குக் கண் கலங்கியது. மரத்தூள் என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். தூள் நிறையவே பறந்துகொண்டிருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை.

மாப்பிள்ளை அதற்குள் மறுபடி மரத்தில் பாதி ஏறியிருந்தார். மேலே இருந்து குரல் வந்தது, மாமா என்கிற மரியாதையைத் தவிர வேறு எந்த மரியாதையும் இல்லாமல்: "மாமா! சும்மா நின்னுட்டிருக்காதீங்க. ஆணியில பட்ட சங்கிலி ரெண்டும் லாரியில கெடக்கு பாருங்க. அரமும் மண்ணெண்ணெயும் அங்கயே இருக்கு. இன்னும் அடிமரம் பாக்கி இருக்கு. மத்தியானத்துக்குள்ள எனக்கு ஒண்ணாவது வேணும்!"

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து யாரும் அவரிடம் எதையும் அவசரப்படுத்திக் கேட்டதில்லை.

"எட்டுப் பல்லு மழுங்கிப் போயிருக்கு மாப்பிள்ளை, மத்தியானம்னா எப்படி?" என்று அண்ணாந்து கத்தினார். கத்திக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டி, லாரியைப் பார்த்து வேகமாக நடந்தார்.